பரிவேஷ் இணையதளம்: சென்னையின் தென்புறநகரிலிருந்து ஒரு மதிப்புரை

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பகுதிகளில் அடுக்குமாடி வீடு வாங்க முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதுபோல் தவறாமல் பார்க்க வேண்டியது, சுற்றுச்சூழல் அனுமதிக்காக மத்திய அரசு நடத்தும் பரிவேஷ் இணையதளம். சுற்றுச்சூழல், வனம், வனவிலங்கு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் ஆகிய நான்கு வகை அனுமதிகளுக்கும் ஒரே சாளரமாக 2018 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கப்பட்ட இத்தளத்தின் இரண்டாம் வடிவம் 2022இல் வந்தது. கட்டுபவருடைய காலவிரயத்தைக் குறைப்பதே இதன் முதல் நோக்கம் என்றாலும், வீடு வாங்குபவருக்கும் அண்டையில் குடியிருப்பவருக்கும் இது எவ்வளவு பயன்படுகிறது என்பதை வைத்தே இங்கு மதிப்பிடுகிறேன்.

2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள கட்டடத் திட்டம் எதுவும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அனுமதி பெற்றாக வேண்டும். அந்த விண்ணப்பம், மனையின் எல்லை வரைபடம், மாநில வல்லுநர் மதிப்பீட்டுக் குழுவின் கூட்டக் குறிப்பு, இறுதியில் வழங்கப்படும் அனுமதிக் கடிதம் என ஒரு திட்டத்தின் வரலாற்றையே இத்தளத்தில் தேதி வாரியாகப் படிக்கலாம். முன்பு அலுவலகத்துக்கு அலைந்து தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற வேண்டியிருந்த காகிதங்கள் இன்று வீட்டிலிருந்தே கிடைக்கின்றன என்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

அனுமதிக் கடிதத்தைத் திறந்ததும், விற்பனைக் கையேட்டில் சொல்லப்படும் அடுக்குகளின் எண்ணிக்கையும் மொத்தக் கட்டுமானப் பரப்பும் கடிதத்தில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன்பின் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை, அது எங்கிருந்து வரும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு என்ன, சுத்திகரித்த நீரில் மிஞ்சுவது எங்கே விடப்படும், மழைநீர் எந்த வாய்க்காலில் போய்ச் சேரும் என்ற விவரங்களைத் தேடுங்கள். வெள்ளம் எந்தத் தெருவில் நிற்கும் என்பதை 2015லும் 2023லும் கண்ணால் பார்த்த எங்கள் பகுதியில், அந்தக் கடைசி விவரம் ஒன்றே வீட்டின் விலையைவிட முக்கியமானது. நிபந்தனைகள் எப்படி நிறைவேற்றப்படுகின்றன என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும், கட்டுநர் அறிக்கை அளிக்க வேண்டும் என்பதும் அறிவிக்கையில் உள்ள கடமையே. ஏற்கெனவே குடியேறிவிட்டவர்களும் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, மதிப்பீட்டுக்கு 60 நாள், முடிவெடுக்க 45 நாள், ஆக 105 நாள் என்பது அறிவிக்கையிலேயே உள்ள கெடு. ஒரே தளத்தில் கோப்பு நகர்வதால் இந்தக் கெடுவைக் காப்பது எளிதாகிறது. அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 2022 ஜனவரியில், 80 நாளுக்குள் அனுமதி வழங்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்றும், களஆய்வும் கூடுதல் விவரம் கேட்பதும் குறைவாக இருந்தால் அதற்கும் மதிப்பெண் என்றும் மத்திய அமைச்சகம் வகுத்த நட்சத்திரத் தரவரிசை, மதிப்பீட்டின் உயிரையே தொடுகிற தவறு என்று கருதுகிறேன். சதுப்பு நிலத்தின் விளிம்பில் உள்ள மனையை நேரில் போய்ப் பார்ப்பதைக் காலதாமதம் என்று எண்ணக்கூடாது. நடைமுறையை எளிதாக்குவது வேறு, ஆய்வையே விலக்குவது வேறு. பள்ளி, கல்லூரி, தொழிற்கூடக் கட்டடங்களுக்கு இந்த அனுமதியிலிருந்து 2025 ஜனவரியில் தரப்பட்ட விலக்கை அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது அதனால்தான் நிம்மதி அளித்தது.

என் பெரிய மனக்குறை, அண்டையில் இருப்பவருக்குச் செய்தி போய்ச் சேரும் நேரத்தைப் பற்றியது. கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கிடையாது என்று அறிவிக்கையே விலக்களித்துவிட்டது. அனுமதி கிடைத்தபின் உள்ளூர் நாளிதழில் விளம்பரம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாகக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அப்போது முடிவு எடுத்தாகிவிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குள் ஒரு சாதாரணக் குடும்பம் பல பக்க ஆங்கில ஆவணங்களைப் படித்துப் புரிந்துகொண்டு, வழக்கறிஞரைத் தேடி, மனுவும் தயாரிக்க வேண்டும்.

இன்னொன்று, ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாக வருகிறது. தண்ணீரோ ஒன்றாக ஓடுகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022இல் அரசாணை வந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பத்துத் திட்டங்கள் தத்தம் வளாகத்துக்குள் மழைநீர்த் தொட்டி கட்டிவிட்டாலும், அவை அனைத்தின் உபரிநீரையும் ஒரே ஓடை தாங்குமா என்ற கேள்வியை எந்தத் தனி விண்ணப்பமும் கேட்பதில்லை. முழு வடிநிலத்துக்கும் முன்கூட்டியே ஒரே ஆய்வைச் செய்து, அதன் வரம்புகளைப் பெருநகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எழுதிவிட்டால், பின்னால் வரும் விண்ணப்பங்களை இன்னும் விரைவாகவே முடிக்கலாம்.

ஆவணங்களைத் திறந்து வைத்ததற்காக ஐந்துக்கு நான்கும், அண்டையாருக்கு வழிவிடாததற்காக ஐந்துக்கு ஒன்றரையும் தருவேன். விண்ணப்பம் ஏற்கப்பட்ட அன்றே, ஊர்ப்பெயர், புல எண், நீர்நிலைக்கு உள்ள தூரம் ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தளத்திலும் மனையின் வாசலிலும் இடம்பெற்றால், இரண்டாவது மதிப்பெண்ணை மகிழ்ச்சியோடு உயர்த்துவேன்.