4,800 டாலர் போச்சு, பையனுக்கு ஒரு வருடமும் போச்சு: டிரான்ஸ்ஃபர் கன்சல்டன்ட் என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

கலிபோர்னியாவில் பிள்ளையைக் கம்யூனிட்டி காலேஜில் சேர்த்து, இரண்டு வருடம் கழித்து யூசியில், அதாவது யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவில், இன்ஜினியரிங்குக்கு மாற்றலாம் என்று நினைத்திருக்கிற நம் ஆட்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எங்களிடம் 4,800 டாலர் வாங்கினார்கள். என் மகனுக்கு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் வாங்கித் தருவதாகச் சொல்லி, எந்த வழியில் போனால் அது கிடைக்காதோ அந்த வழியில் ஒரு வருடம் ஓட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்தது போன வாரம்தான். கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று பார்த்தால் அது அடங்குவதாக இல்லை.

பெயரைச் சொல்லவில்லை, கேட்காதீர்கள். கோர்ட்டுக்குப் போகப்போகிறோம். பே ஏரியாவில் வீட்டிலிருந்தே நடத்துகிற, காலேஜ் அட்மிஷனுக்கு வழிகாட்டுகிறோம் என்கிற சின்ன கன்சல்டன்சி. நடத்துபவர் நம்ம ஊர்க்காரர். தமிழ்ப் பள்ளி வாட்ஸாப் குழுக்களில் இலவச ஜூம் வகுப்பு என்று அறிவிப்பு வரும், நீங்களும் பார்த்திருக்கலாம்.

என் மகனுக்கு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் யூசியில் நேரடியாக இன்ஜினியரிங் கிடைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே ரேடியோ கிட், சாலிடரிங் என்று இருக்கிறவன், எலக்ட்ரிக்கல் தவிர வேறு எதையும் அவன் யோசித்ததில்லை. சரி, கம்யூனிட்டி காலேஜ் நல்ல வழிதான், இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு பாட அளவான ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான், இரண்டு வருடம் நன்றாகப் படித்து மாறிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரிதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். நடுவில் வந்தவர்தான் கெடுத்தார்.

ஜூம் வகுப்பு முடிந்து தனியாகப் பேசலாம் என்றார். நான் பவானி, அவர் கோபிச்செட்டிபாளையம். அது தெரிந்த நிமிடத்திலிருந்து "அக்கா, அக்கா" என்றுதான் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்தார், சாப்பிட்டார், என் மாமியாரிடம் ஊர்க்கதை பேசினார். பிறகு மகனை பக்கத்தில் உட்காரவைத்து, அவனுடைய பள்ளி மதிப்பெண் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு செமஸ்டருக்கும் என்ன பாடம் என்று ஒரு தாளில் பச்சை மையில் எழுதிக்கொடுத்தார். "அக்கா, யூசியில் டேக் என்று ஒன்று இருக்கிறது, உறுதியாக இடம் தருகிற ஒப்பந்தம், சாண்டா பார்பராவில் எலக்ட்ரிக்கல் நான் வாங்கித் தர்றேன், தம்பி ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், மூணு புள்ளிக்கு மேலே வச்சிருந்தா போதும், மீதி எம்பொறுப்பு" என்றார். எம்பொறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். கார்டில் கொடுத்தால் மூன்று சதவீதம் கூடுதலாக ஆகும் அண்ணா, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு, ஜெல்லில் அனுப்பிடுங்க என்றார். ஜெல் (Zelle) என்பது கணக்கிலிருந்து கணக்குக்கு நேராகப் பணம் அனுப்புகிற வசதி, வங்கி ஆப்பிலிருந்து 4,800 டாலர் அங்கேயே அந்த நிமிடமே போனது. இரண்டு வருடத்துக்கும் சேர்த்து பாடத் திட்டம், டேக் விண்ணப்பம், யூசி விண்ணப்பம், அதில் எழுத வேண்டிய நான்கு பதில்கள், எல்லாம் அதில் அடக்கம் என்று வாட்ஸாப்பில் எழுதியும் அனுப்பினார். நல்லவேளை, அந்த மெசேஜ் இன்னும் இருக்கிறது.

இப்போது அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். முதல் வருடம் ஃபிசிக்ஸ் எடுக்கச் சொன்னார். எந்த ஃபிசிக்ஸ்? இங்கே காலேஜ்களில் இரண்டு வரிசை இருக்கிறது. ஒன்று அல்ஜீப்ராவை வைத்து நடத்துவது, உயிரியல், மருத்துவம் பக்கம் போகிற பிள்ளைகள் எடுப்பது. இன்னொன்று கால்குலஸை வைத்து நடத்துவது, இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு உரியது. மெக்கானிக்ஸ், மின்சாரமும் காந்தமும், அலைகள் என்று பெரும்பாலும் மூன்று பாடமாக, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. இவர் என் மகனை அல்ஜீப்ரா வரிசையில் போட்டார். அவனே கேட்டிருக்கிறான், அண்ணா இது இன்ஜினியரிங்குக்கு ஆகுமா என்று. "ஃபிசிக்ஸ் ஃபிசிக்ஸ்தான் தம்பி, இதுல ஏ சுலபமா வரும், ஜிபிஏதான் முக்கியம்" என்றாராம். அவன் இரண்டு செமஸ்டரும் ஏ வாங்கினான். மீதி நேரத்துக்கு சமூகவியல், கலை வரலாறு, சினிமா அறிமுகம் என்று பொதுப்பாடங்களாக நிரப்பினார். இன்ஜினியரிங்குக்குப் போகிற பிள்ளைக்குத் துறைக்கான முன்பாடங்கள்தான் முதலில், பொதுப்பாடம் அப்புறம் என்று யூசியே சொல்கிறது. லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸும் சி பிளஸ் பிளஸும் அந்தப் பச்சை மைத் தாளில் இரண்டாம் வருடக் கடைசியில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்.

இந்த அக்டோபரில் மகன் அடுத்த செமஸ்டருக்கு சர்க்யூட்ஸ், அதாவது மின்சுற்றுகள், வகுப்பில் சேர முடியுமா என்று கேட்க அவன் காலேஜின் கவுன்சலரிடம் போனான். அந்தம்மா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்களாம். சர்க்யூட்ஸுக்கு முன்நிபந்தனை கால்குலஸ் ஃபிசிக்ஸில் மின்சாரமும் காந்தமும். அதற்கு முன்னால் மெக்கானிக்ஸ். இரண்டும் இவனிடம் இல்லை. கெபாசிட்டரில் ஓடுகிற மின்னோட்டம் என்பதே மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது, அந்த மாற்ற வேகம்தான் டெரிவேட்டிவ், கால்குலஸ் இல்லாத ஃபிசிக்ஸை வைத்துக்கொண்டு சர்க்யூட்ஸில் உட்கார முடியாது என்று அவர்கள் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். அவன் காலேஜில் சர்க்யூட்ஸ் நடப்பதே வருடத்தில் ஒரு செமஸ்டர், வருடத் தொடக்கத்தில் வருகிற ஸ்பிரிங்கில் மட்டும். ஆக, இந்த ஸ்பிரிங்கில் மெக்கானிக்ஸ், அதற்குப் பிறகு மின்சாரமும் காந்தமும், அடுத்த ஸ்பிரிங்கில்தான் சர்க்யூட்ஸ். ஒரு முழு வருடம் தள்ளிப்போனது. எடுத்து வைத்திருக்கிற அல்ஜீப்ரா ஃபிசிக்ஸுக்கும் சேர்த்து யூசி கிரெடிட் தராது, இரண்டு வரிசையும் படித்தால் ஒன்றுக்குத்தான் கணக்கு. பிள்ளை ராத்திரி பகலாக உட்கார்ந்து வாங்கிய ஏ அது.

அடுத்த இடி டேக். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் டேக் விண்ணப்பம் போட முடியும். மாதக் கடைசியில் "போட்டாச்சு அக்கா, நிம்மதியா இருங்க" என்று மெசேஜ் அனுப்பியிருந்தார். கவுன்சலர் சொன்ன பிறகு மகன் அந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தால், துறை என்ற இடத்தில் சமூகவியல் என்று இருக்கிறது. சமூகவியல்! ஏனென்றால் சாண்டா பார்பராவில் பொறியியல் கல்லூரிக்கு டேக் கிடையவே கிடையாது. யூசியில் ஆறு வளாகங்கள்தான் டேக் தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். அந்த ஆறிலும் சில வளாகங்களில் எல்லாத் துறைக்கும் கிடைக்காது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஒரு மாணவர் ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம். இருந்த அந்த ஒரு வாய்ப்பையும் இந்த வருடத்துக்கு அவர் தீர்த்துவிட்டார். இதெல்லாம் யூசி தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து எலக்ட்ரிக்கல் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னபோதே அது பொய்.

அன்று இரவே போன் செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் வருகிறது, பதில் இல்லை. பிறகு ஒரு பெண் பேசினார், உங்கள் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார் மேடம், நாங்கள் ஆராய்ந்து சொல்கிறோம் என்றார். எந்த ஃபைல், யார் போனது, எங்கள் வீட்டுக்கு வந்து பேசியது அவர்தானே என்றேன், லைன் கட். மறுநாள் அவரே கூப்பிட்டார். அக்கா என்ற வார்த்தை இப்போது இல்லை, மேடம் ஆகிவிட்டேன். "யூசி பாலிசியை மாத்திட்டாங்க மேடம்" என்றார். எந்தப் பாலிசி, எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. "முதல்ல உள்ள போயிட்டு அப்புறம் எலக்ட்ரிக்கலுக்கு மாறிக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க" என்றார். உள்ளே போன பிறகு இன்ஜினியரிங்குக்கு மாற்றித் தருவோம் என்று எந்த உறுதியும் அங்கே கிடையாது என்று கவுன்சலர் ஏற்கெனவே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். 4,800 டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அது வழிகாட்டுதலுக்கான கட்டணம், ரிசல்ட்டுக்கானது இல்லை என்கிறார். கடைசியில், உங்கள் மகளும் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாளே, அவளுக்கு அந்தப் பணத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னார் பாருங்கள், அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, போனை வைத்துவிட்டேன்.

வங்கியில் கேட்டோம். நீங்களே அனுப்பிய பணம், ஜெல்லில் போனது, எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். கார்டில் கொடுத்திருந்தால் கார்டு கம்பெனியிடம் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்டாவது பார்த்திருக்கலாம். மூன்று சதவீதம் மிச்சம் என்று அவர் சொன்னது எங்கள் மேல் இருந்த அக்கறையில் இல்லை.

இப்போது ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில், அதாவது குறைந்த தொகை வழக்குகளுக்கான கோர்ட்டில், போடுகிறோம். கலிபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, தாக்கல் செய்ய 30 முதல் 75 டாலர் ஆகும். அந்த வாட்ஸாப் மெசேஜ், பச்சை மைத் தாள், சமூகவியல் என்று இருக்கிற விண்ணப்பத்தின் படம், மூன்றையும் அச்செடுத்து வைத்தாகிவிட்டது. 4,800 டாலர் எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. அதைவிட, என் பையன் "அம்மா, நான் கேட்டேனே, அவர்தான் ஆகும்னு சொன்னாரு" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். பத்தொன்பது வயதுப் பிள்ளை, அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

விவரமாக ஆலோசனை எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன், நேரமில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். அசிஸ்ட் டாட் ஆர்க் (assist.org) என்ற தளம் இலவசம். உங்கள் பிள்ளையின் காலேஜையும் போக வேண்டிய யூசி அல்லது கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகத்தையும் துறையையும் தேர்ந்தெடுத்தால், எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்று பாடக்குறியீட்டோடு வரும். யார் என்ன சொன்னாலும் அதில் பார்க்காமல் ஒரு வகுப்பிலும் சேர்க்காதீர்கள். ஃபிசிக்ஸ் கால்குலஸ் வரிசைதானா என்று முதல் செமஸ்டரிலேயே பாருங்கள். சர்க்யூட்ஸ் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். காலேஜ் கவுன்சலருக்குக் காசு கிடையாது, செமஸ்டருக்கு ஒரு தடவையாவது பிள்ளையை அனுப்புங்கள். விண்ணப்பத்தின் பாஸ்வேர்டு பிள்ளையிடம் மட்டும் இருக்கட்டும், சமர்ப்பிக்கிற பட்டனை அவனேதான் அழுத்த வேண்டும். உறுதி என்று யாராவது சொன்னால் எந்தத் துறைக்கு, எந்த வளாகத்தில் என்று எழுதி வாங்குங்கள். ஜெல்லில் அனுப்பாதீர்கள்.

திங்கட்கிழமை காலை அவனுக்கு ஸ்பிரிங் வகுப்புப் பதிவு. மெக்கானிக்ஸில் இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, வெயிட்லிஸ்ட்டுக்குப் போவதற்குள் பிடிக்க வேண்டும். இதே ஆளிடம் வேறு யாராவது பணம் கொடுத்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே கோர்ட்டுக்குப் போகலாம்.