குளிரும் மழையுமான கோடைக் கப்பல் பயணம்: எந்த உடைக்குப் பெட்டியில் இடம்?

தென்கிழக்கு அலாஸ்கா, நார்வேயின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கிடையே நீளும் குறுகிய கடல் நுழைவுகள்) போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் கோடையில்தான் சுற்றுலாக் கப்பல்கள் போகின்றன. கோடை என்றதும் அரைக்கை சட்டையை எடுத்து வைப்பவர்கள் முதல் நாளே நடுங்குகிறார்கள். அலாஸ்கா என்றதும் பனிமலைக்குப் போவதுபோல் தடித்த கோட்டை வாங்குபவர்கள் அதை முழுப் பயணமும் கையில் சுமக்கிறார்கள். அலாஸ்காவின் ஜூனோவில் ஜூலை மாதப் பகல் வெப்பம் 17, 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். இரவில் 10 டிகிரிக்கு இறங்கும். இது உறைய வைக்கும் குளிர் அல்ல. ஆனால் அதே பகுதியின் கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. நார்வேயின் பெர்கனில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். ஆகஸ்ட், செப்டம்பர் ஆக ஆகத் தென்கிழக்கு அலாஸ்காவில் மழை கூடும். மே, ஜூன் மாதங்கள் சற்றுத் தேவலை.

இதோடு காற்றையும் சேர்த்துப் பாருங்கள். கப்பல் 16 நாட் (கடல் வேக அளவு) வேகத்தில் போனால், இலைகூட அசையாத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். 10 டிகிரி அப்போது 7 டிகிரிபோலவும், பனியாற்றின் அருகே இருக்கக்கூடிய 5 டிகிரி 0 டிகிரிபோலவும் உடம்பில் உறைக்கும். உடை நனைந்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே எந்த உடையை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் போதும். காற்றைத் தடுக்குமா? இரவில் நனைந்தபடி தொங்கவிட்டால் மறுநாள் காலைக்குள் கேபினில் காயுமா? கீழே உள்ள தீர்ப்புகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து வருபவைதான்.

ஒரே தடித்த கோட்டா, மூன்று அடுக்கா?

தடித்த கோட்டுக்கு இருக்கும் ஒரே வசதி, மாட்டினால் வேலை முடிந்தது என்பது. கப்பல் பயணத்தில் அந்த வசதி நிலைப்பதில்லை. உள்ளே சுமார் 21 டிகிரி, தளத்தில் 8 டிகிரி, கரையில் மலையேற்றத்தில் வியர்வை, திரும்பும்போது தூறல் என ஒரே நாளில் நான்கு நிலைகள் வரும். கோட்டில் இருப்பது போடு அல்லது கழற்று என்ற இரண்டே வழி. அதோடு, கோட்டின் உட்பஞ்சு ஒருமுறை ஊறிவிட்டால் கேபினில் இரண்டு நாளானாலும் முழுதாகக் காயாது. உள்ளே மெல்லிய பனியன், நடுவில் வெப்பம் காக்கும் அடுக்கு, வெளியே மழையையும் காற்றையும் தடுக்கும் ஜாக்கெட் என்று பிரித்துக்கொண்டால், நனைவது வெளியடுக்கு மட்டும். அதுவோ சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை: அடுக்குகள்தான்.

மழை ஜாக்கெட்: இங்கே சிக்கனம் வேண்டாம்

பெட்டியில் பணம் செலவழிக்கத் தகுந்த ஒரே பொருள் இதுதான். சந்தையில் மூன்று வகை உண்டு. பிவிசி அல்லது ரப்பர் பூச்சு உள்ள பழைய பாணி மழைக்கோட்டில் ஒரு சொட்டு உள்ளே வராது. வியர்வையும் வெளியே போகாது. திமிங்கிலம் பார்க்கப் படகில் உட்கார்ந்திருக்க அது நல்லது. அரை மணி நேரம் ஏற்றத்தில் நடந்தால் உள்ளே நீங்களே நனைந்திருப்பீர்கள். இரண்டாவது, இரண்டரை அடுக்கு ஜாக்கெட்: வெளித் துணி, நீர் தடுக்கும் படலம், உள்ளே அச்சிட்ட மெல்லிய பூச்சு. 300 கிராம் அளவில் இருக்கும், கைப்பிடிக்குள் சுருங்கும். ஈரமான நாளில் உள்பக்கம் தோலில் ஒட்டிப் பிசுபிசுக்கும் என்பது இதன் குறை. மூன்றடுக்கு ஜாக்கெட்டில் படலத்துக்கு உள்ளேயும் துணி ஒட்டப்பட்டிருப்பதால் ஒட்டாது, நீண்ட நாள் உழைக்கும், விலை கூடும். ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டரை அடுக்கே போதும். மலைநடை உங்கள் வழக்கமாக இருந்தால் மூன்றடுக்கு வாங்குங்கள்.

லேபிளில் 10,000 மில்லிமீட்டர் நீர்த்தடுப்பு (துணி கசியாமல் தாங்கும் நீரின் உயரம்) என்று இருந்தால் தொடர்மழைக்குத் தாங்கும். முதுகுப்பை வார் அழுத்தும் தோளில்தான் முதலில் நீர் கசியும் என்பதால், பை மாட்டுபவர்கள் 15,000க்கு மேல் பார்ப்பது நல்லது. அதைவிட முக்கியம் தையல். எல்லாத் தையல்களும் உள்ளிருந்து நாடா ஒட்டி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். தோளுக்கும் தொப்பிக்கும் மட்டும் நாடா ஒட்டிய மலிவு வகைகளில் கைப்பகுதியின் தையல் வழியாக நீர் இறங்கும். அக்குளில் ஜிப் இருந்தால் வியர்வைக்குப் பெரிய நிம்மதி. நீளம் இடுப்புக்குக் கீழே வர வேண்டும். நடு அடுக்கைப் போட்டுக்கொண்டு அதன் மேல் அளவு பாருங்கள். கையைத் தூக்கும்போது மணிக்கட்டு வெளியே தெரிந்தால் ஒரு அளவு பெரியது எடுங்கள்.

பலர் குறை சொல்வது: "நல்ல ஜாக்கெட்தான், ஆனால் கசிகிறது." பெரும்பாலும் படலம் கசிவதில்லை. வெளித்துணியில் இருக்கும் நீரை உருட்டிவிடும் பூச்சு தேய்ந்து, துணி ஊறிப்போகிறது. ஊறிய துணி வழியாக வியர்வை வெளியேற முடியாமல் உள்ளே ஈரம் படிகிறது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் சரி. பரவி ஊறினால், துணி மென்மையாக்கி சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் உலர்த்தியில் மிதமான சூட்டில் 20 நிமிடம் சுற்றவிடுங்கள். அதன் பிறகும் உருளாவிட்டால் நீர்விலக்கும் ஸ்பிரே அடிக்க வேண்டும். துணி மென்மையாக்கி இந்தப் பூச்சுக்கு எதிரி.

குடை, போன்சோ (தலைவழியே மாட்டும் தொளதொளப்பான மழைப்போர்வை): ஊருக்குள் காற்றில்லாத மழைக்குச் சிறு குடை சுகம், குறிப்பாகக் கண்ணாடி அணிபவர்களுக்கு. ஆனால் தளத்தில் காற்று அதைப் புரட்டிவிடும், படகுத் துறையின் குறுகிய நடைமேடையில் அடுத்தவர் கண்ணைக் குத்தும். போன்சோவோ காற்றில் படபடத்து முகத்தை மூடும். இரண்டும் ஜாக்கெட்டுக்கு மாற்று ஆகாது. கண்ணாடிக்காரர்களுக்கு இன்னும் நல்ல வழி, விளிம்பு உள்ள தொப்பியை அணிந்து அதன் மேல் ஜாக்கெட்டின் தலைமூடியை இழுத்துக்கொள்வது. தலைமூடி கண்மேல் சரியாது, கண்ணாடியில் துளி குறையும்.

ஃப்ளீஸா, டவுனா, செயற்கைப் பஞ்சா?

டவுன், அதாவது வாத்து போன்ற பறவைகளின் மென்னிறகு, அடைத்த ஜாக்கெட் எடைக்குக் கொடுக்கும் வெப்பத்துக்கு ஈடு இல்லை. ஆனால் நனைந்தால் இறகு சுருண்டு கட்டியாகும், உப்பல் போய்விடும், வெப்பமும் போய்விடும். மழைப் பயணத்தில் அதை மழை ஜாக்கெட்டுக்குள் மட்டுமே அணியலாம். சதுர மீட்டருக்கு 200 கிராம் ரக ஃப்ளீஸ் (மென்மயிர் போன்ற செயற்கைத் துணி) நனைந்தாலும் உதறினால் பாதி நீர் போய்விடும், இரவில் காயும், துவைக்க எளிது. குறை, காற்று ஊசிபோல் உள்ளே நுழையும். மேலே ஜாக்கெட் இல்லாமல் தளத்தில் பயனில்லை. செயற்கைப் பஞ்சு வைத்த மெல்லிய ஜாக்கெட் இவற்றுக்கு நடுவே நிற்கிறது: ஈரத்திலும் ஓரளவு சூடு தாங்கும், காற்றைத் தடுக்கும், நன்றாக மடங்கும். ஒரு ஃப்ளீஸ், ஒரு மெல்லிய செயற்கைப் பஞ்சு ஜாக்கெட் என்று எடுத்துச் செல்லுங்கள். சாதாரண நாளில் ஒன்று, பனியாறு பார்க்கும் காலையில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. டவுன் ஏற்கனவே கைவசம் இருந்தால் பஞ்சு ஜாக்கெட்டுக்குப் பதில் அதை எடுக்கலாம். புதிதாக வாங்குவதானால் டவுன் வேண்டாம்.

உள்ளே அணிவது

பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், மெதுவாகக் காயும், ஈரமாகத் தோலில் ஒட்டி உடம்புச் சூட்டை இழுக்கும். தூங்கவும் கேபினுக்குள் உட்காரவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் மிக வேகமாகக் காயும், மலிவு, ஆனால் ஒரே நாளில் வியர்வை நாற்றம் பிடிக்கும். மெரினோ கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரம் உறிஞ்சியும் ஈரமாகத் தோன்றாது, இரண்டு மூன்று நாள் நாற்றம் வராது. பாலியெஸ்டரைவிட மெதுவாகக் காயும், பை வார் உரசினால் ஓட்டை விழும். ஒரு வாரத்துக்கு, சதுர மீட்டருக்கு 150 கிராம் ரக மெரினோ இரண்டு, பாலியெஸ்டர் இரண்டு என்று கலந்தால் துவைக்கும் வேலை பாதியாகும். தெர்மல் கால்சட்டை ஒன்று போதும். அது பனியாற்று நாளுக்கும் அதிகாலைப் படகுச் சவாரிக்கும்.

கால்சட்டை: ஜீன்ஸை வீட்டிலேயே விடுங்கள்

இதைச் சொன்னால் மனம் ஒப்பாது, தெரியும். கப்பலுக்குள் இரவு உணவுக்கு ஒன்று எடுத்தால் பரவாயில்லை. கரையில் இறங்க அது கூடாது. முழங்காலுக்குக் கீழே நனைந்த ஜீன்ஸ் நடக்கும்போது கனத்து இழுக்கும், மறுநாளும் இடுப்புத் தையலில் ஈரம் இருக்கும். கொஞ்சம் எலாஸ்டேன் (இழுபடும் இழை) கலந்த நைலான் கால்சட்டை இரண்டு எடுத்தால், தூறலில் நனைந்தாலும் நடக்க நடக்கக் காயும். கனமழைக்கு மேலே இழுத்துக்கொள்ளும் மழைக் கால்சட்டை ஒன்று வேண்டும். அதில் கணுக்கால் வரை மட்டும் ஜிப் இருந்தால் ஷூவோடு போட முடியாது. முழங்கால் வரையாவது திறக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, அதன் கீழ்முனையை ஷூவுக்குள் செருகுவது. கால் வழியாக வழியும் நீர் எல்லாம் நேராக ஷூவுக்குள் போகும். எப்போதும் வெளியே விடுங்கள்.

காலணி

முடிவெடுக்கச் சிரமமான இடம் இது. நீர் புகாத படலம் வைத்த ஷூ தூறலுக்கும் சேற்றுக்கும் நல்லது. ஆனால் மேல்விளிம்பு வழியாக நீர் நுழைந்துவிட்டால் வெளியே போக வழி கிடையாது. ஈரம் போக இரண்டு இரவு பிடிக்கும். வலைத்துணி ஷூ உடனே நனையும், ஆனால் வேகமாக வடிந்து காயும். கம்பளி சாக்ஸ் இருந்தால் 15 டிகிரியில் நடந்துகொண்டே இருக்கும்வரை தாங்கலாம், படகில் அசையாமல் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். ரப்பர் பூட்ஸ்தான் உண்மையில் நீர் புகாதது. தென்கிழக்கு அலாஸ்காவின் மீனவர்கள் பழுப்பு நிற எக்ஸ்ட்ராடஃப் பூட்ஸோடு திரிவது சும்மா இல்லை. பயணிக்கோ அது பெட்டியை அடைக்கும், நீண்ட நடைக்குக் கணுக்காலைத் தாங்காது.

எங்கள் தீர்ப்பு: கணுக்கால் மூடும் உயரத்தில் படலம் வைத்த ஷூ ஒன்று, மாற்றாக வலைத்துணி ஷூ ஒன்று. அடிப்பாகத்தில் ஆழமான பல் வெட்டும் மென்மையான ரப்பரும் பாருங்கள். கெட்சிகனின் மர நடைபாதைகளும் கப்பலின் ஈரத் தளமும் வழுக்கும். புது ஷூவைக் குறைந்தது இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். நனைந்த ஷூவின் உள்தளத்தை உருவித் தனியாக வைத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். முடி உலர்த்தியின் சூட்டில் காட்டினால் பசை விடும். கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி போதும், ஆனால் அதற்குக் குறையக் கூடாது.

கையுறையில் தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு ஜோடி மேல். ஒன்று நனைந்தால் மற்றது. பனிக்குல்லாய் ஒன்று. ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறக்கும் சுற்றுலாக்களிலும் திறந்த ரப்பர்ப் படகுகளிலும் மேலுடை, பூட்ஸ் எல்லாம் பெரும்பாலும் அவர்களே தருவார்கள். முன்பதிவுச் சீட்டில் பார்த்துவிட்டு அதற்கென்று எதுவும் வாங்காமல் இருங்கள்.

இரவு உணவு, துவையல், உலர்த்தல்

ஏழு இரவுப் பயணத்தில் முறையான உடை கேட்கும் இரவுகள் வழக்கமாக இரண்டு. கசங்காத ஒரு கருப்புக் கால்சட்டை, இரண்டு மேலுடைகள், முடிந்தது. இஸ்திரிப்பெட்டியும் துணி நீராவிக் கருவியும் தீ ஆபத்து என்று பறிமுதல் செய்வார்கள், ஆகவே பின்னல் துணிகளே நல்லது. சில கப்பல்களில் நாமே துவைக்கும் இயந்திரம் உண்டு, பலவற்றில் பையில் போட்டுக் கொடுப்பது மட்டும்தான். எது என்று தெரிந்துகொண்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. நாலைந்து காந்தக் கொக்கிகள் இருந்தால் சுவரெல்லாம் துணி தொங்கவிடலாம். பிழிந்த துணியை உலர்ந்த துண்டுக்குள் சுருட்டி மிதித்துவிட்டுத் தொங்கவிட்டால் காயும் நேரம் பாதியாகும்.

ஏறும் நாளில் பெட்டி கேபினுக்கு வர மாலையாகும். மழை ஜாக்கெட்டும் ஃப்ளீஸும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடைசி இரவில் பெட்டியை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போட வேண்டிய கால்சட்டை, ஷூ, ஜாக்கெட்டை வெளியே எடுத்து வைத்த பிறகே பூட்டுங்கள். காயாத துணியை இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் தனியாக வையுங்கள், வீடு சேர்ந்ததும் முதலில் அதைப் பிரியுங்கள். ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை வாடை பிடித்துவிடும்.