கிணற்றுக்குக் கூரைத் தண்ணீர், தென்னைக்குக் குளியல் தண்ணீர்: ஏழு மழைக்கால அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் வீடு. கேரளா என்றாலே மழை என்று நினைக்கிறவர்கள் ஏப்ரலில் ஒருமுறை இந்தப் பக்கம் வர வேண்டும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மேற்கே கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சத்தைத்தான் எங்களுக்குத் தரும், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டால் அவ்வளவுதான். ஆழியாற்றுத் தண்ணீர் இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையில் இருக்கிற மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும், ஆனால் அது வயலுக்கு, என் கிணற்றுக்கு அல்ல. ஆழ்துளைக் கிணறு போடவும் மனம் வரவில்லை, எங்கள் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் ஆழத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது தெரிந்த விஷயம்.

அதனால் 2018 மே மாதம் இரண்டு வேலை செய்தோம். கூரைத் தண்ணீரை வடிகட்டித் திறந்த கிணற்றில் விட்டோம். குளியல், துணி, சமையலறைத் தண்ணீரைச் செடிப்பாத்தி வழியாகச் சுத்தம் செய்து தென்னைக்கு விட்டோம். 2024 வரை ஏழு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது.

முதலில் கிணறு. இந்த முறை புதிதல்ல, 2008ல் திருச்சூர் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய மழப்பொலிமா திட்டம் இதைத்தான் செய்தது. தொட்டி கட்டித் தேக்கலாமே என்று கேட்கிறவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாத வெயிலுக்கு ஒரு நாளைக்கு 300 லிட்டர் வைத்தாலே 45,000 லிட்டர் தொட்டி வேண்டும், கிணறு இருக்கிற வீட்டுக்கு அது வீண் செலவு. எங்கள் கூரை 1,100 சதுர அடி. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆவியானது தெறித்தது போக, 800 லிட்டர் கிணற்றுக்குப் போகும். வடிகட்டி என்பது ஒரு சிமென்ட் உறை, அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதன்மேல் சிரட்டைக்கரி, மேலே ஆற்று மணல். எல்லாம் சேர்த்து எங்களுக்கு 9,000 ரூபாய் ஆனது.

இதில் நாங்கள் செய்த பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் மழைத் தண்ணீரை வெளியே தள்ளக் கையால் திருப்புகிற வால்வு வைத்தோம். மழை ராத்திரி இரண்டு மணிக்குப் பெய்தால் யார் எழுந்து போய்த் திருப்புவது? நாலு மாதத் தூசி, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் கிணற்றுக்குப் போனது. தண்ணீர் நாறியது, சோதனையில், கழிவு கலந்ததைக் காட்டுகிற கோலிஃபார்ம் கிருமி வந்தது. இறைத்து, 1,000 லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு வாரம் அதைக் குடிக்கவில்லை. அப்புறம் வால்வை எடுத்துவிட்டு 200 லிட்டர் டிரம் ஒன்றை நடுவில் வைத்தேன். முதல் 2 மில்லிமீட்டர் மழை அதில் நிரம்பிய பிறகுதான் மீதி வடிகட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதில் சொட்டிச் சொட்டித் தானே காலியாகிவிடும். ஆள் தேவையில்லை. இனி யார் அமைத்தாலும் கைவால்வு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பலன்? முன்பு மார்ச் கடைசியில் வாளி அடியைத் தட்டும், லாரித் தண்ணீர் வாங்குவோம். இப்போது மே பாதிவரை தாங்குகிறது. முதல் இரண்டு வருஷம் நல்ல மழை, அதனால் அதை மட்டும் வைத்து இதற்குப் பெருமை கொடுக்க மாட்டேன். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை 34 சதவீதம் குறைந்த 2023தான் எனக்குச் சரியான சோதனை. அடுத்த ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கிணறு வற்றியது. ஏமாற்றம்தான். ஆனாலும் அடுத்த தோட்டத்துக் கிணறு அதற்கு ஒரு மாதம் முன்பே வற்றியிருந்தது.

இப்போது சோப்புத் தண்ணீர். எனக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் மழை நாலு மாதம்தான், குளியல் தினமும். ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு சுமார் 300 லிட்டர் வருகிறது. 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழத்தில் பாத்தி கட்டி, முக்கால் இஞ்ச் ஜல்லி நிரப்பி, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டோம். தண்ணீர் ஜல்லிக்குள் இரண்டு நாளுக்கு மேல் தங்கி நகர்கிறது, வேரிலும் ஜல்லியிலும் ஒட்டியிருக்கிற கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. தண்ணீர் மட்டம் ஜல்லிக்கு மூன்று இஞ்ச் கீழே இருப்பதால் கொசு இல்லை. கழிவறைத் தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது, அது செப்டிக் டேங்குக்குத்தான், அந்த டேங்கும் கிணற்றுக்கு 7.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணன் அப்போதே கேட்டார்: "ஏனுங்க, சோப்புத் தண்ணி விட்டா தென்னை பட்டுப் போயிராதுங்களா?" தென்னை படவில்லை, நன்றாகக் காய்க்கிறது. ஆனால் கறிவேப்பிலை பட்டுப்போனது, மண்ணும் கெட்டியானது. சலவைப் பவுடரில் இருக்கிற சோடியம்தான் காரணம். பவுடரைப் பாதியாகக் குறைத்தோம், மழைக்காலத்தில் அந்த மண்ணில் நல்ல தண்ணீர் இறங்க விடுகிறோம், தேறிவிட்டது. கீரைக்கு மட்டும் இதை விடுவதில்லை.

சமையலறை எண்ணெய்தான் பாத்திக்கு எதிரி. மீன்குழம்புச் சட்டி கழுவிய தேங்காயெண்ணெய் ஜல்லியை அடைத்துவிடும். அதற்காகப் பாத்திக்கு முன்னால் எண்ணெய் மிதந்து தங்குகிற ஒரு கொழுப்புத் தொட்டி வைத்திருக்கிறோம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை அள்ள வேண்டும். மூன்றாம் வருஷம் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று மாதம் அதை மறந்தோம், தண்ணீர் பாத்திக்கு மேலே வழிந்து வாசல் வரை நாற்றம். முன்பக்கத்து இரண்டு அடி ஜல்லியைத் தோண்டிக் கழுவிப் போட ஒரு நாள் முழுக்கப் போனது.

வருஷ வேலை என்று பார்த்தால், மே மாதம் கூரையைக் கூட்டி, வடிகட்டி மணலின் மேல் நாலு இஞ்சைக் கழுவ வேண்டும். கல்வாழையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும், மாட்டுக்கொட்டகை மூலையில் மக்கிவிடுகிறது. மாடிக் குளியலறையை இன்னும் இணைக்கவில்லை, இந்த வெயிலுக்குள் பைப் இறக்கிவிட வேண்டும்.