முதல் ஸ்மோக்கர்: ஆஃப்செட்டா, வாட்டர் ஸ்மோக்கரா?

இறைச்சியைப் புகையில் மெதுவாக வேக வைக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர், அதிகச் செலவில்லாமல் கொல்லையில் வைத்துப் புழங்க ஒரு ஸ்மோக்கரைத் தேடினால், அவர் முன் ஐந்து வகைகள் வந்து நிற்கும். படுக்கைவாட்டில் ஓர் உருளையும் அதன் பக்கத்தில் தனி அடுப்புப் பெட்டியும் கொண்ட ஆஃப்செட். அடியில் கரியும் நடுவில் நீர்த்தட்டும் மேலே கம்பித் தட்டுகளுமாக நெட்டுக்குத்தாக நிற்கும் வாட்டர் ஸ்மோக்கர். உருண்டையான கெட்டில் கிரில். அலமாரி வடிவிலான எலக்ட்ரிக் ஸ்மோக்கர். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு துண்டுகளை எரிக்கும் பெல்லட் கிரில். இவற்றுள் நான் வாங்கியது வாட்டர் ஸ்மோக்கர். அதையே இன்றும் பயன்படுத்துகிறேன். இன்னொருவர் கேட்டாலும் அதையே முதலில் சொல்வேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அந்தச் சாய்வுக்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும், வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது, மழையில் நனையாமல் காக்க முடியுமா என்பவை எல்லோருக்கும் தாமாகவே தோன்றும் கேள்விகள். கடையில் நிற்கும்போது தோன்றாத கேள்வி வேறு: மூடியையும் கதவையும் அடைத்தபின் இந்தக் கருவிக்குள் காற்று எவ்வளவு நுழைகிறது, அதை நம் விருப்பப்படி கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா?

புகையில் வேக வைப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சூடு 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை. பன்றியின் தோள்பட்டை, மாட்டின் மார்புக்கறி போன்ற கடினமான பகுதிகளில் உள்ள கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மென்மையான ஜெலட்டினாக இளகினால்தான் கறி மெத்தென்று பிரியும். அதற்கு உட்சூடு ஏறத்தாழ 95 டிகிரியை எட்டும்வரை பொறுத்திருக்க வேண்டும். வழியில், 65க்கும் 75க்கும் இடையே, இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விப்பதால், உட்சூடு மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. ஒரு பெரிய துண்டு வேக எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ, சில சமயம் அதற்கு மேலுமோ ஆகும் என்பதால், அவ்வளவு நேரமும் ஒரு சிறிய நெருப்பைச் சிறியதாகவே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பெரிய நெருப்பு மூட்டுவது யாருக்கும் எளிது. சிறிய நெருப்பை அணையாமலும் வளராமலும் காப்பதுதான் புதியவருக்குக் கடினம். கரி எவ்வளவு இருந்தாலும், அது எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதை உள்ளே வரும் காற்றே முடிவு செய்கிறது.

மலிவான ஆஃப்செட் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பார்வைக்கு அதுவே கம்பீரமானது. விறகை எரித்துச் சமைக்கும் நிறைவையும், விறகுக்கே உரிய சுவையையும் அதுவே முழுமையாகத் தருகிறது. ஆனால் நல்ல ஆஃப்செட்டுகள் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகட்டில் செய்யப்படுகின்றன. அந்தக் கனம் சூட்டைத் தேக்கி வைத்து, விறகு ஏறி இறங்கி எரியும்போதும் உள்ளே சூடு அலைபாயாமல் காக்கிறது. தொடக்க விலையில் கிடைப்பவற்றில் தகடு மிக மெல்லியது. கதவுகள் சட்டத்தோடு பொருந்தி அமர்வதில்லை. அடுப்புப் பெட்டியும் உருளையும் சேரும் இடத்தில் இடுக்கு இருக்கும். காற்றுத் துளையை மூடினாலும் அந்த இடுக்குகள் வழியே நெருப்பு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். காற்றடித்தால் மெல்லிய தகடு உடனே குளிர்ந்துவிடும் என்பதால் இன்னும் அதிக விறகு தேவைப்படும். அடுப்புப் பெட்டிக்கு அருகிலுள்ள கறி கருகத் தொடங்கும் நேரத்தில் மறுகோடியிலுள்ள கறி பாதிகூட வெந்திருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் பின்னியிருக்கிறது. விறகு சுத்தமாக எரியக் காற்று தாராளமாக வேண்டும். சூடு ஏறிவிட்டதே என்று காற்றை நெரித்தால், விறகு எரியாமல் குமைந்து, அடர்ந்த வெண்புகையைக் கக்கி, கிரியோசோட் என்னும் கசப்புப் படிவைக் கறியின்மேல் பூசிவிடும். ஆகவே ஆஃப்செட்டில் சூட்டை அடக்க ஒரே நல்ல வழி, சிறிய விறகுகளை அடிக்கடி போட்டுச் சிறு நெருப்பைத் தெளிவாக எரிய விடுவதே. அதாவது அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். கதவு விளிம்புகளில் வெப்பம் தாங்கும் நார்ப்பட்டையை ஒட்டலாம். இணைப்புகளில் உயர்வெப்பச் சிலிக்கோன் பூசலாம். அடுப்புப் பெட்டியின் வாய்க்கு எதிரே தடுப்புத் தகடு பொருத்தலாம். இவற்றால் பலன் உண்டு. ஆனால் அந்தச் செலவையும் உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், தொடக்கத்தில் மிச்சமானதாகத் தோன்றிய பணம் மிஞ்சுவதில்லை.

வாட்டர் ஸ்மோக்கரில் அடிப்பகுதியில் கரியும் அதைச் சுற்றிக் காற்றுத் துளைகளும், மூடியின் உச்சியில் ஒரு துளையும் இருக்கும். நடுவிலுள்ள தட்டின் நீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகும்போது மிகுதியான சூட்டைத் தன்னோடு வாங்கிக்கொள்கிறது. கங்கின் நேரடி வெக்கை கறியைத் தாக்காமலும் அந்தத் தட்டு தடுக்கிறது. வெபர் நிறுவனம் 1981 முதல் விற்றுவரும் ஸ்மோக்கி மவுண்டன் இந்த வகையில் பலருக்கும் அளவுகோலாக இருக்கிறது. எனாமல் பூசிய எஃகாலான அது, ஏறத்தாழ 37, 47, 57 சென்டிமீட்டர் விட்டங்களில் கிடைக்கிறது. குடும்பத்துக்கும் அவ்வப்போது வரும் விருந்தினருக்கும் நடு அளவு போதும். பெரியது அதற்கேற்பக் கரியையும் அதிகம் கேட்கும்.

இந்தக் கருவியின் அருமை, ஜிம் மினியன் என்பவரின் பெயரால் வழங்கும் முறையில் மூட்டும்போதுதான் முழுதாகப் புலப்படும். பற்றவைக்காத கரியை நிறையக் கொட்டி, அதன் நடுவே நன்றாகக் கனன்ற கங்குகளைச் சிறிதளவு வைத்துவிட்டால், நெருப்பு பக்கத்துக் கரிக்கு மெல்ல மெல்லப் பரவிக்கொண்டே போகும். புகைக்காக முஷ்டியளவு மரத்துண்டுகள் சிலவற்றைக் கரிக்கு இடையே புதைத்து வைக்க வேண்டும். மேல்துளையை முழுவதும் திறந்தே வைத்துவிட்டு, கீழ்த்துளைகளால் மட்டும் சூட்டை ஆள வேண்டும். இலக்கை எட்டுவதற்குப் பத்துப் பதினைந்து டிகிரி இருக்கும்போதே கீழ்த்துளைகளைக் குறைக்கத் தொடங்குவது முக்கியம். ஏறிவிட்ட சூட்டை இறக்குவது மிகவும் மெதுவான வேலை. துளையை ஒரு முறை மாற்றினால், அடுத்த கால் மணி நேரம் கை வைக்காமல் காத்திருந்துதான் விளைவைப் பார்க்க வேண்டும். இவ்வளவு பழகிவிட்டால், கருவி பல மணி நேரம் ஏறக்குறைய ஒரே சூட்டில் நின்று வேலை செய்யும். மின்சாரமோ மோட்டாரோ இல்லாத ஒரு கலம் இப்படி நிலையாக நிற்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

குறைகளும் உண்டு. கீழ்த்தட்டிலுள்ள கறியை எடுக்க மேல்தட்டை முழுவதும் தூக்க வேண்டும். பக்கவாட்டுக் கதவு புதிதில் சற்றே காற்றை விடும். புகைப்பிசுக்கு படியப்படிய அது பெரும்பாலும் தானே அடைபட்டுவிடுகிறது. நீர்த்தட்டில் கொழுப்பு மிதக்கும் என்பதால், அதை மறுநாளே கொட்டிக் கழுவாவிட்டால் நாற்றம் தாங்காது. சாம்பலையும் உடனே அள்ளிவிட வேண்டும். ஈரம் கோத்த சாம்பல் உலோகத்தை அரிக்கும். இதே வடிவத்தில் மிக மலிவாக வரும் சில கருவிகளில் கீழே காற்றுத் துளையே இருப்பதில்லை. அவற்றை வாங்கினால் இதுவரை சொன்ன எந்த நன்மையும் கிட்டாது. எந்த வகையானாலும், கருவி ஆறியிருக்கும்போது ஒளிரும் டார்ச் விளக்கு ஒன்றை உள்ளே வைத்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு, இருட்டில் சுற்றிவந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் கசிகிறதோ அங்கெல்லாம் காற்றும் நுழையும்.

என் பார்வையில் இரண்டாம் இடம் கெட்டில் கிரிலுக்கு. ஜார்ஜ் ஸ்டீபன் 1952இல் உருவாக்கிய அந்த உருண்டை வடிவம் காற்றை நன்றாகவே அடக்குகிறது. கரியை விளிம்போரமாகப் பாம்புபோல் வளைத்து அடுக்கி ஒரு முனையில் பற்றவைத்தால், நெருப்பு ஊர்ந்து ஊர்ந்து மறுமுனைக்குப் போகச் சில மணி நேரம் பிடிக்கும். நெருப்பிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருப்பதால் கறிக்குக் கிடைக்கும் இடம் மட்டும் குறைவு. ஏற்கெனவே வீட்டில் கெட்டில் இருப்பவர் உடனே வேறொன்று வாங்கத் தேவையில்லை. வாட்டிச் சுடவும் புகையூட்டவும் ஒரே கருவி போதும் என்பவருக்கு இதுவே பொருத்தம்.

எலக்ட்ரிக் ஸ்மோக்கர் காற்றுப் பிரச்சினையை மொத்தமாகத் தாண்டிவிடுகிறது. சூட்டைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். மரச்சீவல் மட்டும் புகையும். மீன், சாசேஜ் போன்றவற்றுக்கு அது நன்றாகவே உதவும். எரிதல் குறைவு என்பதால், கறியின் விளிம்பில் படரும் இளஞ்சிவப்பு வளையம் அநேகமாக வராது. சுவையும் மென்மையாகவே இருக்கும். பலவற்றில் உச்சச் சூடே ஏறத்தாழ 135 டிகிரி என்பதால் கோழியின் தோல் மொறுமொறுப்பாகாது. பெல்லட் கிரிலில் திருகுத்தண்டு எரிபொருளைத் தள்ள, விசிறி காற்றூட்ட, கட்டுப்பாட்டுக் கருவி சூட்டை நிறுத்துகிறது. நண்பர் வீட்டில் அதில் சமைத்தபோது வேலை எவ்வளவு எளிது என்பதை நேரில் கண்டேன். ஆனால் அது என் வீட்டில் ஆண்டுக்கணக்கில் புழங்கிய கருவி அன்று என்பதால், அதன் ஆயுளைப் பற்றி உறுதியாகப் பேச மாட்டேன். ஈரம் பட்டால் பெல்லட் உப்பி உதிர்ந்து திருகுத்தண்டில் அடைத்துக்கொள்ளும் என்பதையும், இந்த ஐந்தில் விலை அதிகம் பொதுவாக அதற்கே என்பதையும் மட்டும் சொல்லலாம்.

விறகு நெருப்பருகே நாள் முழுவதும் இருந்து அதைப் பேணுவதிலேயே மகிழ்பவர் ஆஃப்செட்டை வாங்கலாம். தடித்த தகடு வாங்கப் பணம் சேரும்வரை காத்திருந்து வாங்கினால் இன்னும் நல்லது. மற்றவர்கள் வாட்டர் ஸ்மோக்கரை வாங்கும்போது, கையிலுள்ள பணத்தில் ஒரு பகுதியை இரட்டை முனை டிஜிட்டல் வெப்பமானிக்கு ஒதுக்குங்கள். மூடியில் பொருத்தி வரும் வட்ட மானி, கறி இருக்கும் மட்டத்தின் சூட்டைக் காட்டுவதில்லை. ஒரு முனையைக் கம்பித் தட்டில் கறிக்கு அருகிலும், மற்றதைக் கறியின் நடுவிலும் செருகி வையுங்கள். கோழிக்கு உட்சூடு 74 டிகிரியை எட்டியதா என்பதை அந்த இரண்டாம் முனை சொல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். கரியோ விறகோ எரியும் எந்தக் கருவியையும், மழை பெய்தாலும்கூட, மூடிய கொட்டகைக்குள் இழுத்து வைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.