தேய்ந்த செப்புக்காசுக்கு நூமிஸ்டா உதவுமா?

ராமநாதபுரம் கடலோரத்தில் எந்த வீட்டு டப்பாவைக் கவிழ்த்தாலும் இன்னதென்று தெரியாத செப்புக்காசு ஒன்றிரண்டு விழும். அதை அடையாளம் காண நூமிஸ்டா இணையதளம் போதுமா என்று கேட்டால், போதும், ஆனால் பக்கத்தில் ஒரு குட்டி நகைத் தராசும் இருக்க வேண்டும் என்பேன். படம் எடுத்தால் பெயர் சொல்லும் ஆப்களை நம்பி மட்டும் இறங்காதீர்கள்.

நான் சோதித்தது கீழக்கரையில் எங்கள் காக்கா (அண்ணன்) பல வருடமாக வைத்திருக்கும் ஒரு காசை. ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசு அளவு, நிறம் கறுப்புக்கும் பச்சைக்கும் நடுவில். ஒரு பக்கம் பெரிய 'வி', அதன் இடது காலில் 'ஓ', வலது காலில் 'சி', கீழே வருடத்தில் 17 மட்டும் தெரிகிறது, மற்ற இரண்டு எண்ணும் வழுவழுவென்று போய்விட்டன. மறுபக்கம் கிரீடம், அதற்குக் கீழே கேடயம், கேடயத்துக்குள் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. முதலில் ஒரு ஆப்பில் போட்டேன் (பெயர் வேண்டாம்). ஆங்கிலேயக் கம்பெனிக் காசு என்றது. கொஞ்சம் வெளிச்சத்தை மாற்றி எடுத்தால் வேறு ஏதோ நாட்டின் பெயரைச் சொன்னது. இரண்டு தடவையும் ஒரே தைரியம்! அப்புறம் கார்டு விவரம் கொடு, சில நாள் இலவசம், பிறகு பணம் பிடிப்போம் என்று ஆரம்பித்தது. அழித்துவிட்டேன்.

நூமிஸ்டாவும் படத்தை வைத்துத் தேடித் தரும், ஆனால் அதன் பலம் அங்கே இல்லை. பயனர்களே சேர்ந்து வளர்க்கும் காசுப் பட்டியல் அது, பார்க்கக் காசு கேட்பதில்லை. ஒவ்வொரு காசுக்கும் தனிப் பக்கம், அதில் எடை, விட்டம், உலோகம், எந்தெந்த வருடம் அடித்தார்கள், இரண்டு பக்கப் படம், கடைக்காரர்கள் சொல்லும் கே.எம். எண் (கிராஸ்-மிஷ்லர் காசுப் பட்டியலில் அதன் வரிசை எண்), எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு குறியீடு எல்லாம் இருக்கும். தமிழில் தட்டிப் பிரயோஜனமில்லை, ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். விஓசி (VOC, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம்), டூய்ட் (duit, டச்சுச் செப்புக்காசின் பெயர்) என்று இரண்டு சொல் அடித்தாலே அந்தக் கம்பெனியின் செப்புக்காசுகள் வரிசையாக வந்துவிடும்.

வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். அந்தக் கம்பெனி ஒரே இடத்தில் காசு அடிக்கவில்லை. நெதர்லாந்தின் மாகாணங்கள் தனித்தனியாக அடித்தன, ஒவ்வொன்றும் தன் சின்னத்தைக் கேடயத்தில் போட்டது. ஹாலந்து என்றால் பின்னங்காலில் நிற்கும் ஒற்றைச் சிங்கம். மேற்கு ஃப்ரீஸ்லாந்து என்றால் மேலே ஒன்று கீழே ஒன்றாக நடக்கும் இரண்டு சிங்கம். உட்ரெக்ட் என்றால் கேடயத்தைப் பிடித்தபடி இரு பக்கமும் சிங்கங்கள். ஜீலாந்து என்றால் அலையிலிருந்து பாதி உடம்பு மட்டும் எழும் சிங்கம். காக்காவின் காசை மேசையில் வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கை வசமாகப் பிடித்தேன். கேடயத்தின் கீழ்ப்பாதியில் வளைந்து வளைந்து மூன்று கோடு எழுந்தது. அலை. மேல்பக்கமிருந்து நேராக அடிக்கும் ஃபிளாஷில் அந்தக் கோடு ஒருநாளும் தெரியாது, ஆப் தடுமாறியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். தராசில் 2.8 கிராம். இந்த டூய்ட் புதிதாக இருந்தபோது சுமார் 3 கிராம், தேய்மானம் போக அது சரியான கணக்கு. எடை இரண்டு மடங்கு வந்திருந்தால் சின்னம் எவ்வளவு பொருந்தினாலும் அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான். இரண்டு தசமம் காட்டும் தராசு ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஆப் சந்தாவுக்கு அழுவதைவிட மேல்.

காசில் ஏன் கம்பெனி முத்திரை என்பதற்கும் விஷயம் இருக்கிறது. நெதர்லாந்தில் எட்டு டூய்ட் சேர்ந்தால் ஒரு ஸ்டூய்வர் (அதற்கு மேல்படிக் காசு), ஜாவாவில் நான்கே போதும். அதாவது ஊரில் வாங்கிய செப்புக்காசைக் கப்பலில் ஏற்றினாலே மதிப்பு இரட்டிப்பு. மாலுமிகள் சும்மா இருப்பார்களா? அதனால் 1726 முதல் கீழை நாடுகளில் மட்டும் செல்லும்படி முத்திரையோடு தனியாக அடித்தார்கள். கம்பெனி 1799 கடைசியோடு முடிந்துபோனது. ஆகவே 17 மட்டும் தெரியும் காக்காவின் காசு 1726க்கும் 1799க்கும் இடையில் எங்கோ நிற்கிறது, அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் அந்த இரண்டு எண் திரும்பி வர வேண்டும். தூத்துக்குடியை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள், சேதுபதிகளோடு ஒப்பந்தம் போட்டவர்கள், முத்துக்கும் சங்குக்கும் அலைந்தவர்கள் டச்சுக்காரர்கள், எனவே அவர்கள் காசு இந்தக் கரையில் இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

தரங்கம்பாடி டேனிஷ் காசுகளையும் இதே முறையில் பிடிக்கலாம். கிரீடத்துக்குக் கீழே 'சி' எழுத்தும் 7 எண்ணும் பின்னியிருந்தால் ஏழாம் கிறிஸ்டியன், 1766 முதல் 1808 வரை ஆண்டவர். ஆனால் சுண்டைக்காய் அளவு ஈயக் காசுகள் வந்தால் கஷ்டம்தான், உரு மழுங்கிப்போய் படத்தை வைத்து ஒப்பிடவே முடியாது. அதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் கழிக்கிறேன்.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று மறுபக்கம் போட்ட அரையணா 'பழங்காசு' யாராவது நீட்டினால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று லட்சம் பேசுவதெல்லாம் மோசடி. நூமிஸ்டாவில் இவை டோக்கன்கள் வரிசையில் கிடக்கும், காட்டி வாயை அடைக்கலாம்.

விலை விஷயத்தில் அளவோடு நம்புங்கள். பக்கத்தில் உள்ள மதிப்பு காசின் நிலையைப் பொறுத்து ஏறி இறங்கும், கடலில் அரித்த காசு எப்போதும் கீழ்ப்படிதான். பளபளப்பாக்குகிறேன் என்று புளியைப் போட்டுத் தேய்த்தால் அந்தக் கீழ்ப்படியும் போய்விடும். உப்பு ஏறிய காசைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள், அவ்வளவு போதும்.

இந்தத் தளத்தில் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் காசு மாற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. நமக்குப் பழங்காசு விஷயத்தில் அது உதவாது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு தொல்பொருள், தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் கலெக்டரிடம் சொல்ல வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே பொருந்தும். காக்காவிடம் இதைச் சொன்னதும், "நான் எங்கடா தோண்டினேன், உம்மா (அம்மா) கொடுத்தது" என்று காசைப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார்.