காடைக் கூண்டுக்கு எலிக் காப்பு: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

காடைகளை எலியிடமிருந்து காப்பாற்ற நான் பயன்படுத்தியவற்றில் இன்றுவரை கைகொடுப்பது அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வெல்டு மெஷ்தான், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் சந்திப்புகளில் பற்றுவைத்த வலை. ஆனால் அந்த வலையை மட்டும் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோழிக்குப் போதுமான காப்பு காடைக்குப் போதாது.

பறவையின் உருவமும் அது உறங்கும் விதமும்தான் காரணம். ஜப்பானியக் காடை வளர்ந்தபின்னும் பெரும்பாலும் 150 முதல் 250 கிராம்தான் இருக்கும். நன்கு வளர்ந்த பழுப்பு எலி அதைவிடக் கனமானது. கோழி இருட்டியதும் உயரத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும். காடையோ தரையிலேயே, பல நேரங்களில் வலையை ஒட்டியே படுத்துவிடும். அதனால் எலி உள்ளே நுழையவே வேண்டியதில்லை. வெளியில் நின்றபடி ஒரு காலைக் கவ்வி இழுத்தால் போதும். ஒரு நாள் காலையில் ஒரு பெட்டைக் காடை மூலையில் ஒடுங்கி நின்றது. இடது காலில் இரண்டு விரல்களைக் காணோம். அடிக்கம்பியில் இரத்தம் காய்ந்திருந்தது, அதில் ஒரு சிறு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. வலையில் எங்கும் ஓட்டை இல்லை, தாழ்ப்பாள் போட்டது போட்டபடியே இருந்தது. எலியை நுழையவிடாமல் தடுப்பது ஒரு வேலை, தொடவிடாமல் தடுப்பது வேறொரு வேலை என்று அன்று முதல் பிரித்தே பார்க்கிறேன்.

முதலில் நுழைவைச் சொல்கிறேன். ஆயத்தமாக வாங்கிய கூண்டு அறுகோணக் கண் கொண்ட கோழி வலையோடு வந்தது. அந்த வலை பறவையை உள்ளே வைத்திருக்கும், எலியை வெளியே நிறுத்தாது. தலை நுழையும் சந்தில் எலி உடம்பையும் நுழைத்துவிடும். ஓர் அங்குலக் கண் குட்டி எலிக்குத் திறந்த வாசல். பிளாஸ்டிக் வலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, அது கடித்துக்கொண்டே இருக்கும். மரம், பிளாஸ்டிக், அலுமினியம் எதுவும் அந்தப் பல்லுக்கு ஈடுகொடுக்காது. சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள 19 கேஜ் கம்பியில் அரை அங்குலக் கண் இருந்தால் எலி தோற்றுப்போகிறது. சுண்டெலி அதிலும் புகுந்துவிடும் என்பதால் குஞ்சுகள் இருக்கும் பெட்டிக்கு மட்டும் கால் அங்குலக் கண் போட்டிருக்கிறேன். அதையே பெரிய காடைகளின் கூண்டுக்குத் தரையாகப் போட்டால் எச்சம் கீழே விழாமல் அடைத்துக்கொள்ளும்.

வலை நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை. விட்டுக்கொடுப்பதெல்லாம் ஓரங்கள்தான். ஸ்டேப்ளர் ஊசி அடித்த இடங்கள் காலப்போக்கில் நெகிழ்ந்துவிட்டன. வாஷர் வைத்துத் திருகாணி முடுக்கிய இடங்கள் அசையவே இல்லை. மரச்சட்டக் கதவு மழையில் ஊறி வெயிலில் முறுக்கிக்கொண்டு, கீழ்மூலையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. இரும்புச் சட்டக் கதவுக்கு மாறியபின் அந்தக் கவலை இல்லை. கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள் வையுங்கள்.

தொடவிடாமல் தடுக்க நான் செய்தது எளியது. பக்கச் சுவர்களில் கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தகரம் அடித்தேன். படுத்திருக்கும் காடைக்கும் வெளியில் உலாவும் எலிக்கும் நடுவே கம்பிக் கண்ணே இல்லாமல் போனது. இதில் எதிர்பாராத ஒரு பலனும் கிடைத்தது. இரவில் எலி ஓடும் சத்தம் கேட்டாலே காடை செங்குத்தாக எம்பி உச்சியில் மண்டையை மோதிக்கொள்ளும். மண்டைத் தோல் கிழிந்த பறவைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும். எலி கண்ணில் படாமல் போனதும் அந்தப் பதற்றம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூடவே கூரை வலைக்குக் கீழே மெல்லிய துணி வலையைத் தொய்வாகக் கட்டியிருக்கிறேன்.

தரைதான் பெரிய சோதனை. கம்பித் தரையின் அடியில் எலி வந்தால் விரல்கள் தப்பாது. அதனால் கூண்டைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தி, கால்களில் வழவழப்பான தகரத்தைக் குழாய்போலச் சுற்றி, சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தேன். பழுப்பு எலி முக்கால் மீட்டர் உயரம் தாவக்கூடியது, சொரசொரப்பான எதிலும் ஏறும். ஆனால் வழுக்கும் தகரத்தில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. பக்கத்தில் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம்கூட ஏணியாகிவிடும், அதையும் கவனியுங்கள்.

நீண்ட காலப் பயன்பாட்டில்தான் தெரியவரும் ஒரு விஷயம் துரு. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் துத்தநாகப் பூச்சைத் தின்கின்றன. முதலில் கம்பியில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு செம்பழுப்பு நிறம் தட்டும், அதன்பின் பற்றுவைப்புப் புள்ளிகள் விட்டுப்போகும். என் கூண்டில் தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே உள்ள பகுதிதான் எப்போதும் முதலில் போகிறது. பற்றுவைத்த பிறகு பூச்சு கொடுத்த வலை, பூச்சுக் கம்பியை எடுத்துப் பற்றுவைத்த வலையைவிட வெகுகாலம் உழைக்கிறது. முன்னதில் சந்திப்புகளில் துத்தநாகம் தடித்துத் திரண்டிருக்கும், விரலால் தடவினாலே தெரியும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். தரை வலையைக் குறடால் அவ்வப்போது இழுத்துப் பார்க்கிறேன்; ஒரு கம்பி கழன்று வந்தாலும் அந்தப் பகுதியையே மாற்றிவிடுகிறேன்.

இவ்வளவு செய்தாலும் தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரத்தான் செய்யும். ஒரு காடை ஒரு நாளைக்குத் தின்பது 20 முதல் 25 கிராம். அலகால் பக்கவாட்டில் தள்ளிச் சிந்துவதும் கொஞ்சமல்ல. தொட்டியில் தீவனத்தின் மேலேயே ஒரு துண்டு வலையைப் படுக்கப் போட்டுவிட்டால் சிந்துவது பெருமளவு குறைகிறது. மாலையில் கீழ்த்தட்டைக் காலிசெய்துவிடுவதும், தீவனத்தை இறுக மூடும் இரும்பு டிரம்மில் வைப்பதும் என் வீட்டில் விடாமல் நடக்கும் வேலைகள்.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கப்படும் மீயொலிக் கருவி ஒன்றையும் மாட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் நடமாட்டம் குறைந்தது, பிறகு எலிகள் அதன் எதிரிலேயே ஓடின. வாங்க வேண்டாம். அடிப்பொறி நல்ல பலன் தருகிறது, ஆனால் பொறுமை வேண்டும். புதிய பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். சில நாள்கள் பொறியின் விசையை ஏற்றாமல் இரை மட்டும் வைத்துப் பழக்கி, பிறகு ஏற்ற வேண்டும். பறவைகளும் செல்லப் பிராணிகளும் சிக்காதபடி பொறியை ஒரு பெட்டிக்குள், சுவரோரமாக, எலி போய்வந்து எண்ணெய்க் கறை படிந்த தடத்திலேயே வையுங்கள். விஷத்தை நான் தொடுவதில்லை. புரோமடையோலோன் போன்ற மருந்து தின்ற எலி சாகச் சில நாள்கள் ஆகும். அதற்குள் அதைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் பாதிக்கப்படும்.

எலிப் புழுக்கை கிடக்கும் இடத்தைக் கையுறை போட்டு, கிருமிநாசினியால் நனைத்த பிறகே துடையுங்கள். எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலும், புழுக்கை வழியே சால்மோனெல்லாவும் பரவக்கூடும். எலி புகுந்த இடத்தில் கிடக்கும் முட்டைகளை நான் சமையலுக்கு எடுப்பதில்லை.

அடுத்த முறை தரையை மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகு வலையைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். விலை கூடுதல்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் நான் திரும்பத் திரும்ப மாற்றியது அந்த ஒரு பகுதியை மட்டும்தான்.