பாட்டியின் ரூபாயும் 28 ரிங்கிட் தராசும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கைப்பேசிக் கடையில் இந்தச் சின்ன டிஜிட்டல் தராசை 28 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி நாலு மாதம் ஆகிறது. 0.01 கிராம் வரை காட்டும், 200 கிராம் தாங்கும். சட்டைப்பையில் அடங்கும்.

ஒரே குறை, சரிபார்க்கும் எடைக்கல் கூட வரவில்லை. கடைக்காரரைக் கேட்டேன், "அது தனியா வாங்கணும் அண்ணே" என்றார். அதனால் நம் சில்லறையையே எடைக்கல்லாக்கிக்கொண்டேன். 2012-இல் வந்த புது வரிசையில் ஐம்பது காசு 5.66 கிராம், பத்துக் காசு 2.98. பளபளப்பு மங்காததாகப் பொறுக்கி, தினமும் வேலை தொடங்குமுன் ஒன்றை வைத்துப் பார்ப்பேன். 5.65, 5.66, அவ்வளவுதான் ஆடும். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும், காற்றுக்கு எண் நிற்காது.

பாட்டி கப்பலேறி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விக்டோரியா ராணி காலத்து வெள்ளி ரூபாய்க் காசு என்னிடம் இருக்கிறது. அதன் சரியான எடை 11.66 கிராம், அதாவது பழைய இந்திய எடையில் ஒரு தோலா. ஓர் ஐம்பது காசும் இரண்டு பத்துக் காசும் சேர்ந்தால் 11.62. முதலில் அதை வைத்தேன், சரியாக வந்தது. பிறகு பாட்டியுடையதை வைத்தேன்: 11.48. ராணியின் கன்னமும் கிரீட ஓரமும் கைபட்டு வழவழத்திருக்கின்றன, அந்தத் தேய்மானம்தான். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய இன்னொன்று 9.8 காட்டியது, வெள்ளியே இல்லை.

பழைய காசு சேர்ப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். விட்டத்துக்கு ஒரு வெர்னியர் அளவியும் வைத்துக்கொள்ளுங்கள், ஐம்பது காசு 22.65 மில்லிமீட்டர் காட்ட வேண்டும்.